என்கிட்டயே சீட்டு கேட்ட மெடிக்கல் – அஞ்சுக்கு நாலு ஸ்டார்

திருச்சி புத்தூர் பக்கம் நான் வழக்கமா மருந்து வாங்குற மெடிக்கல் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டே இருந்தேன், போன மாசம் அங்க எனக்கே ஒரு பல்பு கெடச்சதுக்கு அப்பறம் சரி இனிமே தள்ளிப்போட வேணாம்னு உக்காந்துட்டேன். கடை பேர் மட்டும் போட மாட்டேன். ஏன்னா 2015ல இதே கடைக்கு சோதனைக்கு போயி லைசென்ஸை ஏழு நாள் சஸ்பெண்ட் பண்ண வெச்சவன் நான், இப்ப நானே பேர் போட்டு புகழ்ந்தா பாக்குறவன் வேற மாதிரி பேசுவான்.

ஆமா, நான் டிரக் இன்ஸ்பெக்டரா இருந்து முதுநிலை ஆய்வாளரா 2023ல ரிட்டயர் ஆனவன். எங்க வீட்ல சொல்லுவாங்க, கல்யாண வீட்டுக்கு போனாலும் இவர் பந்தியில உக்காராம சமையல்காரர்கிட்ட எண்ணெய் டின்ல எக்ஸ்பயரி பாப்பாருன்னு. அந்த வியாதி இன்னும் போகல, அதனால இந்த ரிவ்யூ மத்தவங்க எழுதுற மாதிரி ஏசி இருக்கா டோர் டெலிவரி உண்டான்னு இருக்காது.

பல்பு கதைய மொதல்ல சொல்லிடறேன். எனக்கு தொண்டைவலியும் காய்ச்சலும், நைட்டு ஒம்பது மணி, டாக்டர்கிட்ட போக சோம்பல். போன வருஷம் இதே மாதிரி வந்தப்ப டாக்டர் எழுதி குடுத்த செஃபிக்சிம் 200ங்குற ஆன்டிபயாடிக் ஞாபகம் இருந்துச்சு. நேரா கடைக்கு போயி ஒரு அட்டை குடும்மான்னேன். கவுன்ட்டர்ல வெள்ளை கோட்டு போட்டு ஒரு பொண்ணு, பார்மசிஸ்ட், இருபத்தஞ்சு வயசு இருக்கும், "சார் சீட்டு குடுங்க"ன்னுச்சு. பழைய சீட்டு வீட்ல இருக்கும்மா, நாளைக்கு காட்றேன்னேன். "இது எச்1 சார், சீட்டு இல்லாம தர முடியாது, காய்ச்சலுக்கு பாராசிட்டமால் வேணா தர்றேன், நாளைக்கும் கொறையலன்னா டாக்டர பாருங்க". எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு, நான் யாருன்னு தெரியுமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு, நல்லவேளை வெளிய வரல. ஏன்னா எத்தனை கடைக்காரங்ககிட்ட இதே விஷயத்துக்கு நான் மெமோ குடுத்திருப்பேன். பாராசிட்டமால் அட்டைய வாங்கிட்டு வாய மூடிட்டு வந்தேன்.

எச்1னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: 2014 மார்ச் 1ல இருந்து நடைமுறைக்கு வந்த பட்டியல், ஆரம்பத்துல 46 மருந்து, வீரியமான ஆன்டிபயாடிக், டிபி மருந்து, அல்பிரசோலம் மாதிரி தூக்க மாத்திரை, டிராமடால் மாதிரி வலி மாத்திரை எல்லாம் அதுல வரும். விக்கும்போது தனி ரிஜிஸ்டர்ல டாக்டர் பேர், நோயாளி பேர், மருந்து, எத்தனை குடுத்தாங்கன்னு எழுதி மூணு வருஷம் வெச்சிருக்கணும். அட்டையிலயே சிவப்பு கட்டம் போட்டு எச்சரிக்கை இருக்கும், யாரும் படிக்கிறதில்ல. 2015ல நான் அந்த கடைக்கு போனப்ப ரிஜிஸ்டர்னு ஒரு லாங் சைஸ் நோட்டு இருந்துச்சு, மொத பக்கத்துல பிள்ளையார் சுழி, அதுக்கப்பறம் ஒண்ணுமே இல்ல. பார்மசிஸ்ட் சர்டிபிகேட் சுவத்துல போட்டோவோட தொங்குது, ஆள காணோம், போன் பண்ணா அவர் வேற ஊர்ல வேற வேலைல இருக்காரு. சர்டிபிகேட்ட வாடகைக்கு விடுறதுன்னு இத சொல்லுவோம், அந்த காலத்துல தடுக்கி விழுந்தா இப்படி ஒரு கடை. முதலாளி காபி வாங்கி குடுத்தாரு, குடிக்கல, அதுக்கு அவருக்கு என் மேல சஸ்பெண்ட விட பெரிய வருத்தம்.

இப்ப அதே கடை எப்படி இருக்குன்னா, பிரிட்ஜ் மேல ஒரு அட்டை தொங்குது, காலையும் சாயங்காலமும் எத்தனை டிகிரின்னு எழுதி கையெழுத்து. என் மாமியாருக்கு இன்சுலின் இங்கதான் வாங்குறோம், ரெண்டுல இருந்து எட்டு டிகிரிக்குள்ள இருக்க வேண்டிய சாமான், நெறைய கடையில தயிர் பாக்கெட், கூல்டிரிங்ஸ் பாட்டில் கூட ஒட்டி இருக்கும், ராத்திரி கரண்ட் பில்லு மிச்சம்னு பிளக்கையே புடுங்கி விட்டுட்டு போறவனையும் பாத்திருக்கேன். இங்க ஐஸ் பேக்கோட கவர்ல போட்டு குடுக்குறாங்க, அதுக்கு தனி காசு கேக்கல. மாத்திரைய பாதி அட்டை கேட்டா பேட்ச் நம்பரும் எக்ஸ்பயரியும் இருக்குற ஓரத்த தொடாம அடுத்த பக்கத்துல இருந்து வெட்டுறாங்க, சின்ன விஷயம்தான் ஆனா மிச்சம் இருக்குற துண்டு எப்ப காலாவதின்னு கடைக்கே தெரியாம போறது இந்த கத்திரியில இருந்துதான் ஆரம்பிக்கும். காலாவதி ஆனது தனி பெட்டில, விற்பனைக்கு அல்லன்னு பெருசா எழுதி. இத பாத்தா எனக்கு 2010 ஞாபகம் வந்துடும், சென்னையில காலாவதி ஆன மருந்த பொறுக்கி லேபிள மாத்தி மறுபடியும் கடைக்கே அனுப்புன கும்பல் மாட்டுச்சே, கொடுங்கையூர் குப்பைமேடுன்னு பேப்பர்ல எல்லாம் வந்துச்சே, அதுக்கப்பறம் மாநிலம் பூரா நாங்க தூங்கல. குப்பைக்கு போற மருந்துதான் திருடனுக்கு மூலதனம், அதனால இந்த பெட்டிக்கே நான் அரை ஸ்டார் குடுப்பேன்.

பில்லு. இதுதான் இந்த கடைல எனக்கு ரொம்ப புடிச்சது, மத்தவங்களுக்கு ரொம்ப எரிச்சலா இருக்குறதும். பத்து ரூவா மாத்திரைக்கும் பேட்ச் நம்பரோட பில்லு, அதுக்கு பத்து நிமிஷம். போலி மருந்து கேஸ்ல நாங்க மொதல்ல கேக்குறது மருந்த இல்ல, பில்லத்தான். மருந்து சட்டத்துல 18ஏன்னு ஒரு பிரிவு, அதுல ஒரு மெமோ குடுப்போம், இத யார்கிட்ட வாங்குன, காட்டு. அவன் ஒரு ஹோல்சேல காட்டுவான், ஹோல்சேல்காரன் இன்னொரு ஊர் ஏஜென்ட்ட காட்டுவான், அவன் இன்னொரு ஸ்டேட்ல ஒரு அட்ரஸ காட்டுவான். அப்படி ஒரு பில்ல புடிச்சுட்டு ரெண்டு நாள் ரயில்ல போயி எறங்குனா அந்த டோர் நம்பர்ல சைக்கிள் பஞ்சர் கடை. பஞ்சர் ஒட்டுற பெரியவருக்கு அவர் பேர்ல மருந்து கம்பெனி இருக்குறதே தெரியாது, பாவம், எங்களுக்கு டீ வாங்கி குடுத்தாரு (அத குடிச்சேன்).

நெறைய பேர் நெனைக்கிறாங்க டிரக் இன்ஸ்பெக்டர்னா மாத்திரைய கையில வாங்கி மோந்து பாத்தே போலின்னு சொல்லிடுவாருன்னு. சொல்ல முடியாதுங்க. அட்டையில எழுத்துப்பிழை, மை கலர், அலுமினிய பாயில்ல அழுத்தம் சரியில்லன்னு சந்தேகம் வேணா வரும், ஆனா லேப்ல போட்டா தான் தெரியும். சேம்பிள் எடுக்குறது ஒரு சடங்கு மாதிரி. கவர்மென்ட் இன்ஸ்பெக்டரா இருந்தாலும் மருந்துக்கு காசு குடுத்துதான் எடுக்கணும், சேம்பிள் எடுக்குறோம்னு பதினேழாம் படிவம் எழுதி குடுக்கணும், நாலு பங்கா பிரிச்சு கட்டி நூல் சுத்தி அரக்கு உருக்கி சீல் வெக்கணும். ஒண்ணு கடைக்காரருக்கு, ஒண்ணு லேப் அனலிஸ்டுக்கு, ஒண்ணு கோர்ட்டுக்கு, ஒண்ணு அவருக்கு சப்ளை பண்ணவருக்கு. மெழுகுவத்தில அரக்க காட்டி காட்டி என் கட்டைவிரல்ல ரெண்டு தழும்பு இருக்கு. இதுல ஒரு கையெழுத்து விட்டுப்போனா பல வருஷம் கழிச்சு கோர்ட்ல எதிர் வக்கீல் அதத்தான் புடிப்பாரு, போலி மருந்துன்னு நிரூபிச்சும் சீல் சரியில்லன்னு ஆள் வெளிய போவான். மருந்து சட்டத்துல 2008ல வந்த திருத்தத்துக்கு அப்பறம் போலி மருந்தால உயிர் போனா கொறஞ்சது பத்து வருஷம், ஆயுள் வரைக்கும் போகும், சட்டம் கடுசுதான். இன்னொரு பக்கம் லேப் ரிப்போர்ட் வர்றதுக்குள்ள அந்த பேட்ச் வித்தே தீந்து போயிருக்கும், ரிப்போர்ட்ட கையில வெச்சுட்டு காலி ரேக்க பாத்துட்டு நிப்போம்.

தள்ளுபடி பத்தி கேப்பீங்க. இங்க பெருசா ஒண்ணும் கெடையாது, ரெகுலர் கஸ்டமர்னா அஞ்சு பர்சன்ட், அதுவும் கேட்டாத்தான். எதிர்லயே இருவது பர்சன்ட் போர்டு போட்ட கடை இருக்கு. தள்ளுபடின்னாலே போலின்னு சொல்ல மாட்டேன், அது தப்பு, எம்ஆர்பிய ஏத்தி அடிச்ச பிராண்டட் ஜெனரிக்ல (காப்புரிமை இல்லாத மருந்த கம்பெனி தன் பேர் வெச்சு விக்கிறது) பாதி விலைக்கு குடுத்தாலும் கடைக்காரருக்கு கட்டுப்படியாகும். ஆனா விலைக் கட்டுப்பாட்டுல இருக்குற மருந்துக்கு கடைக்காரர் மார்ஜின் 16 பர்சன்ட்தான், அதுல ஒருத்தர் முப்பது குடுக்குறாருன்னா எங்க இருந்து குடுக்குறாரு? டாக்டருக்கு ஓசியா வர்ற சேம்பிள் அட்டையா, தமிழ்நாடு அரசுன்னு அச்சடிச்சத சுரண்டுனதா, இல்ல பில்லே இல்லாத சரக்கா. விலை கொறவா வேணும்னா முதல்வர் மருந்தகம் இருக்கு, மக்கள் மருந்தகம் இருக்கு, எங்க வீட்டு பிரஷர் மாத்திரை அங்கதான், அதுல எனக்கு கவுரவ கொறச்சல் ஒண்ணும் இல்ல.

க்யூஆர் கோடு பத்தியும் சொல்லணும், ஏன்னா இந்த கடைல ஸ்கேன் பண்ணி காட்டுங்கன்னா மூஞ்ச சுளிக்காம காட்டுறாங்க. 2023 ஆகஸ்ட் 1ல இருந்து அதிகம் விக்கிற 300 பிராண்டுக்கு கட்டாயம் பண்ணிருக்காங்க, ஸ்கேன் பண்ணா கம்பெனி, பேட்ச், எக்ஸ்பயரி, உற்பத்தி லைசென்ஸ் நம்பர் வரணும். நல்ல விஷயம். ஆனா போலி அட்டையவே அச்சடிக்கிறவனுக்கு அந்த கட்டத்த அச்சடிக்க எவ்வளவு நேரம் ஆகும். ஸ்கேன்ல வர்ற பேட்ச் நம்பரும் அட்டையில அடிச்சிருக்குறதும் ஒண்ணான்னு பாருங்க, அத பாக்காம ஸ்கேன் ஆகுதுன்னு மட்டும் பாத்து பிரயோஜனம் இல்ல.

2025 அக்டோபர்ல கோல்ட்ரிஃப் இருமல் மருந்து விவகாரம் வந்தப்ப நான் இந்த கடைலதான் நின்னுட்டு இருந்தேன். மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவுல குழந்தைங்க சாவு, மருந்து செஞ்சது நம்ம சுங்குவார்சத்திரத்துல, எஸ்ஆர்-13ங்குற பேட்ச்ல டைஎத்திலீன் கிளைக்கால்ங்குற விஷம் 48.6 பர்சன்ட், இருக்கலாம்னு சொல்ற அளவே 0.1தான். கண்டுபுடிச்சு சொன்னது தமிழ்நாட்டு லேப்புதான், அதே நேரம் அந்த கம்பெனிய ஒழுங்கா சோதனை போடலன்னு ரெண்டு முதுநிலை ஆய்வாளர்கள் சஸ்பெண்ட். என் பதவியில இருந்தவங்க. அன்னிக்கு சோறு எறங்கல. 1972லயே சென்னையில இதே விஷத்தால குழந்தைங்க செத்திருக்காங்க, எங்களுக்கு டிரெய்னிங்ல மொத மொத சொல்ற பாடத்துல அது ஒண்ணு. கடைக்காரர் என்ன பண்ணாருன்னா, அந்த மருந்து அவர்கிட்ட வரவே இல்ல, இருந்தாலும் குழந்தைங்க சிரப் ரேக்க மொத்தமா எறக்கி கீழ வெச்சு ஒவ்வொரு பாட்டிலா பேட்ச் நம்பர் பாத்துட்டு இருந்தாரு, கூட்டம் நிக்குது, கத்துறாங்க, அவர் பாட்டுக்கு பாக்குறாரு.

இன்னொண்ணு, ராத்திரி எட்டு மணிக்கு மேல பசங்க கூட்டமா வந்து வலி மாத்திரை கேக்குறது இங்கயும் உண்டு. போதைக்காக டேபென்டடால்ங்குற வலி மாத்திரைய அட்டை அட்டையா கேப்பாங்க, இல்லன்னா கத்துவாங்க, கல்ல விட்டு எறிஞ்ச கடையும் இருக்கு. அந்த பொண்ணு இல்லன்னு சொல்றப்ப குரல் நடுங்கறத நான் கேட்டிருக்கேன், ஆனாலும் இல்லன்னுதான் சொல்லுது. கடைல கிடைக்கலன்னா வடமாநிலத்துல இருந்து கூரியர்ல வருது, அது வேற கதை, அதுக்கு போலீசும் நாங்களும் பார்சல் ஆபீஸ்ல விடிய விடிய உக்காந்தது தனியா ஒரு நாள் எழுதறேன். கர்ப்பம் கலைக்கிற மாத்திரையும் அப்படித்தான், டாக்டர் சீட்டு இல்லாம கேட்டா இந்த கடைல தர்றதில்ல, அந்த அட்டையால ரத்தப்போக்குல ஆஸ்பத்திரிக்கு வந்தவங்கள நான் வாக்குமூலம் எடுத்திருக்கேன்.

ஒரு ஸ்டார் ஏன் கொறச்சேன்? வண்டி நிறுத்த எடமே இல்ல. ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு மேல மூடிடறாங்க. கல்லாப் பக்கத்துல மூட்டுவலி லேகியம் ஒண்ணு அடுக்கி வெச்சிருக்காங்க, மூணே நாள்ல வலி பறக்கும்னு போட்டிருக்கு. மூணு நாள்ல வலி பறக்குற லேகியத்துல ஸ்டீராய்ட் கலந்து புடிச்ச கேஸ் என் சர்வீஸ்ல எத்தனையோ, ஆண்மை லேகியம்னா சில்டனாஃபில், அதான் வயாகரால இருக்குற மருந்து. இது அப்படின்னு நான் சொல்லல, ஆனா இவ்வளவு ஒழுங்கா இருக்குற கடைக்கு அது எதுக்கு. முதலாளிகிட்ட சொன்னேன், "தெரிஞ்சவர் வெச்சுட்டு போனாரு சார்"னு தலைய சொறிஞ்சாரு. போன வாரமும் அது அங்கயேதான் இருந்துச்சு.

பல்பு வாங்குன மறுநாள் காய்ச்சல் கொறையல, டாக்டர பாத்தேன், அவரும் செஃபிக்சிம்தான் எழுதுனாரு. சீட்டோட போயி நின்னேன். அந்த பொண்ணு ரிஜிஸ்டர எடுத்து எழுதுச்சு, பழக்க தோஷத்துல தலைகீழா எட்டி படிச்சேன், என் பேர், டாக்டர் பேர், மருந்து பேர் எல்லாம் சரி, எத்தனைங்குற கட்டம் மட்டும் காலி. "அம்மா, பத்துன்னு போடு"ன்னேன். நிமிந்து பாத்துட்டு போட்டுச்சு.