மூலைத் தொட்டியா, வாசல் வண்டியா, மாடிப் பானையா?

கொங்கு நாட்டின் இரண்டு நகரங்களில், பதினெட்டு ஆண்டுகளில் மூன்று வாடகை வீடுகள் மாறியிருக்கிறேன். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும், மேற்கு வெயில் எந்த அறையில் இறங்கும் என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் ஒவ்வொரு வீட்டுக்கும் முன்பணம் கொடுத்தேன். குப்பையை எங்கே போடுவது என்று மட்டும் ஒரு வீட்டிலும் கேட்டதில்லை. குடிவந்த மறுநாள் காலை, கையில் வாளியோடு வாசலில் நிற்கும்போதுதான் அந்தக் கேள்வி வரும்.

முதல் வீட்டில் கிடைத்த பதில், வீதி மூலையில் தொட்டி இருக்கிறது என்பது. இரண்டாவது வீட்டில், காலையில் வண்டி வரும் என்றார்கள். மூன்றாவது வீட்டில் வீட்டுக்காரரே மாடிப்படியைக் காட்டி, காய்கறிக் குப்பையை மேலே பானையில் மக்க வைத்துக்கொள்ளுங்கள் என்றார். மூன்றிலும் ஆண்டுக்கணக்கில் குப்பை போட்டவன் என்ற தகுதியில் எது தேவலை என்று சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன்.

தொட்டியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு இருக்கும் ஒரே பெருமை, அது காத்திருக்கும் என்பதுதான். பனியன் கம்பெனியில் ஷிப்டு முடிந்து இரவு பதினொரு மணிக்கு வருகிறவருக்கும், விடியற்காலை நாலரை பஸ்ஸைப் பிடிக்கிறவருக்கும் அது ஒரே மாதிரி வாய் திறந்து நிற்கும். ஏன் பிரிக்கவில்லை என்று கேட்காது. திருப்பூர், ஈரோடு போன்ற உழைப்பாளி ஊர்களில் இது சின்ன வசதி இல்லை.

அந்த வசதிக்கு நாங்கள் கொடுத்த விலையை முதல் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் கண்ணால் பார்த்தேன். ஒருவர் மொபெட்டின் கொக்கியில் பையை மாட்டிக்கொண்டு வந்தார். வேகத்தைக் குறைக்கவே இல்லை. இடது கையால் பையைக் கழற்றி வீசினார். அது தொட்டியின் விளிம்பில் பட்டு வெடித்தது. சாம்பார் சோறு, முட்டை ஓடு, ஒரு குழந்தையின் டயாபர், எல்லாம் சாலையில். இரண்டு நாய்கள் வந்தன. பிறகு ஒரு மாடு வந்து சோற்றோடு சேர்த்துப் பையையும் மென்றது. அடுத்து வந்த அம்மாவால் தொட்டிக்குப் பக்கத்தில் போகவே முடியவில்லை. நாலடி தள்ளி நின்று எறிந்தார். அதற்கு அடுத்தவர் ஆறடி. இப்படியே குப்பை தொட்டியை விட்டு விலகி விலகி நடந்து, அந்த வீதியில் மூன்று வீடு தள்ளியிருந்த மதில் வரைக்கும் வந்துவிட்டது. தொட்டிக்குள் எட்டிப் பார்த்தால் பாதிதான் நிறைந்திருந்தது!

மதில்காரர் சாமி படம் போட்ட ஓடுகளைப் பதித்துப் பார்த்தார். சாமிகளுக்கும் நாற்றம்தான் மிச்சமாயிற்று. கடைசியில் புகார் மேல் புகார் கொடுத்துத் தொட்டியையே எடுக்க வைத்தார்கள். எடுத்த இடத்தில் அடுத்த நான்கு மாதங்களுக்கு அதே குப்பை விழுந்தது, இப்போது தரையில். தொட்டி போனாலும் இடம் போகவில்லை. தொட்டியில்லா நகரம் என்று எல்லோரும் எடுத்துக்காட்டும் இந்தூரைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடுகிறோம். 2017 முதல் நாட்டின் தூய்மைத் தரவரிசையில் ஆண்டுக்கு ஆண்டு முதலிடம் பிடித்த ஊர் அது. அங்கே வாசலுக்கு வண்டி ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகே தொட்டிகள் போயின. வரிசையை மாற்றினால் மிஞ்சுவது மதிலோரக் குப்பைமேடுதான்.

இரண்டாவது வீட்டில் வண்டி. காலை ஏழேகாலுக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டு பேட்டரி வண்டி வீதிக்குள் நுழையும். பின்னால் நடந்து வரும் அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். முதல் வாரம் என் பையை வாங்கியவர், எடை பார்ப்பது போல ஒருமுறை தூக்கிப் பார்த்து, ‘பிளேடு ஏதாவது இருக்கிறதுங்களா?’ என்றார். இல்லை என்றேன். இருந்தது. சவரம் செய்த பழைய பிளேடை அப்படியே உள்ளே போட்டிருந்தேன். அது அவருடைய கையுறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. நல்லவேளை, விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் திட்டவும் இல்லை. மறுநாள் என் வாசலில் நின்று, ‘தம்பி, இன்றைக்குங்க?’ என்று மட்டும் கேட்டார். அன்று மாலையே என் வீட்டில் பிளேடுக்கென்று ஒரு தகர டப்பா வந்துவிட்டது.

தொட்டிக்கும் வண்டிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்பது என் கட்சி. எந்தப் பை யாருடையது என்று தொட்டிக்குத் தெரியாது. அக்காவுக்குத் தெரியும். எந்த வீட்டில் நேற்று பிரியாணி, எந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பதுவரை அவருக்குத் தெரியும். முகம் பார்த்துக் கொடுக்கிற பையில் மனிதன் கொஞ்சம் கூச்சத்தோடுதான் குப்பை போடுகிறான். அபராதப் பலகையால் ஆகாத காரியத்தை அந்தக் கூச்சம் செய்துவிடுகிறது.

சட்டம் வண்டியின் பக்கம்தான் நிற்கிறது. 2016 ஏப்ரலில் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், பிரிக்கும் பொறுப்பைக் குப்பை போடுகிற வீட்டார் தலையில் வைத்தன. மக்கும் குப்பை ஒன்று, மக்காத குப்பை ஒன்று, மருந்து, பெயிண்ட் டப்பா, பேட்டரி போன்ற வீட்டு அபாயக் கழிவு ஒன்று என்று அந்த விதிகளின்படி மூன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. டயாபர், நாப்கின் ஆகியவற்றைத் தனியே சுற்றிக் கொடுக்க வேண்டும். வீதியில் எறியக் கூடாது, எரிக்கக் கூடாது. எரிப்பதைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரிடமும் வாய் திறக்க முடியாது. காலையில் சீமாற்றால் வாசலைக் கூட்டிக் குவித்து ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் போடுவதைச் சுத்தத்தின் கடைசிப் படி என்று நம்புகிறவர்கள் நாம்.

வண்டிக்கும் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று, அது வரும் நேரத்துக்கு வீட்டில் ஆள் வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டில் கணவன் மனைவி இருவரும் ஆறே முக்காலுக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். கேட்டில் பையைக் கட்டிவிட்டுப் போவார்கள். வண்டி வருவதற்குள் நாய் வந்துவிடும். ஒரு மாதம் பார்த்துவிட்டுப் பையைத் தங்கள் இருசக்கர வண்டியில் மாட்டிக்கொண்டு போகத் தொடங்கினார்கள். எங்கே போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. வழியில் ஒரு பள்ளம், அதாவது ஓடை, இருக்கிறது. நம் ஊர் பள்ளங்களின் பாலத்தடியில் நாள்தோறும் விழும் பைகளில் எத்தனை, சோம்பேறிகள் எறிந்தவை அல்லாமல் வண்டியைத் தவறவிட்டவர்கள் எறிந்தவை என்று யாராவது எண்ணிப் பார்க்கலாம். வாரத்தில் இரண்டு நாள் மாலை எட்டு மணிக்கும் வண்டி ஒரு நடை வந்தால், தொட்டிக்கு ஆதரவாக மிஞ்சும் ஒரே வாதமும் போய்விடும்.

இரண்டாவது ஓட்டை பெரியது. ஒருநாள் பால் வாங்கப் போனபோது வீதிக் கோடியில் ஒரு காட்சி. மக்குவதைப் பச்சையிலும் மக்காததை நீலத்திலும் என்று நாங்கள் பிரித்துப் பிரித்துக் கொடுத்ததெல்லாம் ஒரே லாரிக்குள் கவிழ்ந்துகொண்டிருந்தது. நான் மட்டும் பார்த்திருந்தால் பரவாயில்லை, வீதியில் பாதிப் பேர் பார்த்துவிட்டார்கள். ஒரே வாரத்தில் எல்லா வீட்டிலும் பழையபடி ஒற்றைப் பை. நானும்தான், பத்து நாளைக்கு. மறுபடி பிரிக்கத் தொடங்கியதற்குக் காரணம் சட்டம் இல்லை. அந்தப் பத்து நாளும் அக்கா என் பையை வாங்கும்போது ஒன்றும் சொல்லாமல் வாங்கினார்.

ஒன்றாகக் கொட்டினால் என்ன ஆகிறது என்று தெரிய வெள்ளலூரைப் பார்த்தால் போதும். கோயம்புத்தூரில் நாளொன்றுக்குச் சேரும் குப்பை ஆயிரம் டன்னுக்கு மேல். பல ஆண்டுகளாக அது போய்ச் சேர்ந்த வெள்ளலூர்க் கிடங்கின் பரப்பு ஏறத்தாழ 650 ஏக்கர். 2024 ஏப்ரலில் அங்கே பிடித்த தீயை அணைக்கப் பல நாட்கள் ஆயின. சோறும் பிளாஸ்டிக்கும் கலந்து, காற்றுப் புகாமல் அமுங்கிக் கிடந்தால் உள்ளே மீத்தேன் உண்டாகும். கோடையில் ஒரு பொறி போதும். மேலே தண்ணீர் அடித்தாலும் உள்ளே புகைந்துகொண்டே இருக்கும். திருப்பூரின் கதை வேறு விதம். அங்கே கைவிடப்பட்ட பாறைக்குழிகளில் மாநகரக் குப்பையைக் கொட்டுவதை எதிர்த்து 2025-இல் சுற்றுக் கிராமத்தார் போராட்டத்தில் இறங்கினார்கள். தங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிய அவர்கள் பயத்தை வெறும் பிடிவாதம் என்று தள்ள முடியாது.

இனி மாடிப் பானை. இதைப் பற்றிப் பேசினால் எனக்கு நேரம் போவதே தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊத்துக்குளிப் பக்கம் எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டில் குப்பை என்பது வசவுச் சொல் இல்லை. குப்பை ஓட்டுகிறார்கள் என்றால் தோட்டத்துக்கு எரு ஓட்டுகிறார்கள் என்று பொருள். சாணி, மாடு தின்று கழித்த சோளத்தட்டு, அடுப்புச் சாம்பல் எல்லாம் எருக்குழிக்கு. காய்த்தோலும் வடித்த கஞ்சியும் கழுநீர்த் தொட்டி வழியாக எருமைக்கு. அந்த வீட்டை விட்டு வெளியே எறியப்பட்டது எது என்று யோசித்தால், உடைந்த கண்ணாடி வளையல்கள்தான் நினைவுக்கு வருகின்றன. மாடியில் பானை வைக்கிறவர்கள் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. எருக்குழியைச் சிறியதாக்கி மூன்றாம் மாடிக்கு ஏற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்காரர் விட்டுச் சென்றவை விரிசல் விட்ட இரண்டு தண்ணீர்ப் பானைகள், பக்கத்தில் துளை போட்டவை. அடியில் காய்ந்த இலை. மேலே ஒரு கை காய்த்தோல் போட்டால் ஒரு கை காய்ந்த பொருள். அதற்கு நம் பக்கத்தில் பஞ்சமே இல்லை. பொள்ளாச்சியில் தேங்காய் நார் உரித்த பிறகு மிஞ்சும் தூள், கட்டிகளாக அழுத்தி விற்கப்படுகிறது. தொடக்கத்தில் கொஞ்சம் புளித்த மோர் ஊற்றினால் வேலை சீக்கிரம் பிடிக்கும். வாரம் இரண்டு முறை குச்சியால் கிளறிவிட வேண்டும்.

முதல் மாதம் நான் இதையெல்லாம் அலட்சியம் செய்தேன். மிஞ்சிய ரசம் சோற்றையும் உள்ளே கவிழ்த்தேன். ஐந்தாம் நாள் நாற்றம். எட்டாம் நாள் வெள்ளைப் புழுக்கள் பானையின் வாயைத் தாண்டி மாடிச் சுவரில் ஊர்வலம் போயின. ஒன்று நான் இருக்க வேண்டும் அல்லது அந்தப் பானை இருக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெரியம்மாதான் வழி சொன்னார். கையால் ஒரு பிடி எடுத்துப் பிழியச் சொன்னார். தண்ணீர் சொட்டினால் தூள் போட வேண்டும், கை ஈரமாக மட்டும் இருந்தால் சரி. இரண்டு படி நார்த்தூள் போட்டுக் கிளறினேன். மூன்று நாளில் நாற்றம் போய்விட்டது. காற்று கிடைக்கும் இடத்தில் மக்கினால் மண்வாசனை, கிடைக்காத இடத்தில் அழுகினால் நாற்றமும் மீத்தேனும். என் பானைக்குள் ஐந்தாம் நாள் நடந்தது ஒரு குட்டி வெள்ளலூர்.

இரண்டு மாதத்தில் நான்கு பேர் கொண்ட எங்கள் வீட்டின் சமையலறைக் குப்பை ஒரு வாளி கறுத்த தூளாகச் சுருங்குகிறது. கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போடுகிறோம். செலவு நார்த்தூளுக்கு மட்டும். நம் வீடுகளின் குப்பையில் பாதிக்கு மேல் ஈரக் குப்பைதான் என்பதால், பானை வைத்த பிறகு கீழே இறங்கும் பை சட்டென்று இளைத்துவிடும். நாற்றமும் கிடையாது. ஏழேகால் வண்டியைத் தவறவிட்டால்கூடப் பதற்றம் இல்லை. காய்ந்த குப்பை நாலு நாள் வீட்டில் இருந்தாலும் ஒன்றும் ஆகாது.

அதற்காகப் பானை எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்று சொல்ல மாட்டேன். எலும்பு போட்டால் பூனை வரும். டயாபருக்கு இந்த மூன்றிலும் நல்ல வழி இல்லை. காகிதத்தில் சுற்றித் தனியாக வண்டியில் கொடுப்பதோடு சரி. பால் கவரை அலசிக் காயவைத்தால் பழைய பேப்பர்காரர் வாங்கிக்கொள்வார். சிப்ஸ் பாக்கெட்டையும் ஷாம்பு உறையையும் யாரும் வாங்க மாட்டார்கள். பிரித்துக் கொடுத்தால் சிமெண்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகவாவது போகும். தேங்காய்த் தொட்டியை, அதாவது சிரட்டையை, குப்பையில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். காங்கேயம் பக்கம் அதைச் சுட்டுக் கரியாக்கி விற்கிறார்கள். நாம் அதைக் குப்பைத் தொட்டியில் போடுகிறோம்.

அடுக்குமாடிக்காரர்களுக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது. நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்களும், 5000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்களும் தங்கள் ஈரக் குப்பையை முடிந்தவரை உள்ளேயே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அதே 2016 விதிகள் சொல்லின. 100 பேருக்கு மேல் கூடும் விசேஷத்தை உரிமம் இல்லாத இடத்தில் நடத்தினால், மூன்று வேலை நாட்களுக்கு முன்பே உள்ளாட்சிக்குச் சொல்ல வேண்டும் என்றும் அவற்றில் இருந்தது. நம் சீர் வீடுகளில் பந்திக்கு மட்டும் நானூறு வாழை இலை விழும். தெரிந்தவர் தோட்டத்தில் மாடு இருந்தால் அத்தனையும் அங்கே போய்விடும்.

ஆக, என் ஓட்டு இப்படி. மாடியோ பால்கனியோ எட்டிப் போக முடிந்தால், ஈரக் குப்பைக்குப் பானை. காய்ந்ததற்கு வண்டி. மாடிச் சாவியை வீட்டுக்காரர் தராத வீட்டில் இரண்டுக்கும் வண்டி, பிரித்து. தொட்டி பஸ் நிலையத்திலும் சந்தையிலும் இருக்கட்டும். வீடுகள் உள்ள வீதிக்கு அது வேண்டாம். வேலை நேரம் ஒத்துவராத பக்கத்து வீட்டுக்காரர்களின் பையை நாமே வாங்கி வண்டியில் கொடுப்பது என்றொரு ஏற்பாட்டை இரண்டாவது வீட்டில் ஓராண்டு செய்தோம். அவர்கள் பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார்கள். இதற்கு எந்த விதியிலும் இடம் இல்லை.

அடுத்த மாதம் நான்காவது வீடு. முன்பணம் கொடுக்கும் முன் இரண்டே கேள்விதான் கேட்டேன். வண்டி எத்தனை மணிக்கு வரும், மாடிச் சாவி யாரிடம் இருக்கும். வீட்டுக்காரர் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு, ‘தண்ணீரைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டீர்களாங்க?’ என்றார்.