புதினாத் தீநீர் வடிக்க எவர்சில்வர் வாலை: வாங்கலாமா?

தோட்டத்துப் புதினாவிலிருந்து வீட்டிலேயே தீநீர் (இலையின் மணம் ஏறிய வடிநீர்) வடிப்பதற்காக, தருமபுரியில் ஒரு பாத்திரக் கடையில் 5 லிட்டர் கொள்ளளவுள்ள எவர்சில்வர் வாலையை, அதாவது ஆவியைக் குளிர்வித்து நீராக வடிக்கும் கலத்தை, சுமார் 4,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஓமத்தீநீர் வடிக்கும் அதே முறைதான் இதிலும்: அடிக்கலத்தில் நீர் கொதிக்க, துளைத்தட்டில் பரப்பிய இலைகளின் ஊடே ஆவி ஏறி, மணத்தைச் சுமந்துகொண்டு, குளிர்நீர்த் தொட்டிக்குள் சுருண்டிருக்கும் குழாயில் குளிர்ந்து துளித்துளியாக இறங்குகிறது.

மூடியின் இறுக்கம் மிகவும் நன்றாக இருக்கிறது. வாயைச் சுற்றி மாவு பூசி அடைக்கும் வேலையைச் சிலிக்கான் வளையமே பார்த்துக்கொள்வதால், ஓரத்தில் ஆவி சிறிதும் கசிவதில்லை.

குறை குளிர்நீர்த் தொட்டியில் இருக்கிறது. அது சிறியதாகையால் நீர் விரைவில் சூடேறிவிடுகிறது. சித்திரை வெயிலில் நம் ஊர் மாடித் தொட்டியிலிருந்து வரும் நீரே வெதுவெதுப்பாக இருக்க, அதையே ஊற்றினால் குழாய் முனையில் துளிகளோடு ஆவியும் தப்பி, குப்பியில் சேர வேண்டிய மணம் அடுப்பங்கரையிலேயே கரைந்துபோகிறது. பனிக்கட்டி போட்டு, தீயையும் குறைத்து வைத்தால்தான் நல்ல தீநீர் கிடைக்கிறது. முதலில் இறங்கும் அரை லிட்டரே உயர்ந்தது; அதற்குப் பிறகு வருவதில் வெந்த கீரையின் வாடை ஏறிவிடும், ஆகவே அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது.

பெட்டியின் மேல் ‘புதினா எண்ணெய் எடுக்கலாம்’ என்று அச்சிட்டிருப்பதை நம்பி யாரும் வாங்க வேண்டாம். பச்சை இலையில் நூற்றில் ஒரு பங்குகூட எண்ணெய் கிடையாது. அரைக் கிலோ இலைக்கு நீரின் மேல் மெல்லிய படலமே மிதக்கும், அதைத் தனியே பிரிக்க இயலாது. மேலும், நம் வீடுகளில் பொதுவாக வளரும் சமையல் புதினாவின் மணத்துக்குப் பெரும்பாலும் கார்வோன் என்ற வேதிப்பொருள்தான் காரணம். மென்தால் அதில் மிகக் குறைவு என்பதால் தலைவலித் தைலத்தின் சில்லிப்பை இதில் எதிர்பார்க்கக் கூடாது.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே ஃபுளோரைடு பாதிப்பைத் தணிக்க வந்த மாவட்டத்தில், ஆழ்துளைக் கிணற்று நீரை இதில் ஊற்றலாமா என்ற ஐயம் நியாயமானது. உப்புகளும் ஃபுளோரைடும் ஆவியோடு ஏறாமல் அடிக்கலத்திலேயே தங்கிவிடும். கொதித்துப் பொங்கிய நீர் குழாய்க்குள் புகாதபடி பாதியளவுக்கு மேல் நிரப்பாமல் இருந்தால் போதும். கலத்தில் படியும் வெண்படலம் எலுமிச்சைச் சாறு விட்டுச் சூடாக்கினால் நீங்கிவிடுகிறது.

பூ விடுவதற்கு முன், காலைப் பனி உலர்ந்ததும் பறித்த இலையே இதற்கு ஏற்றது. இலையைத் திணித்துக் குழாய் வாயை அடைத்துவிடக் கூடாது. உள்ளே அழுத்தம் கூடுவது ஆபத்து.

உடன் கொடுக்கும் நெகிழிக் குப்பி மணத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கொதிநீரில் கழுவி உலர்த்திய கண்ணாடிக் குப்பியில் தீநீரை ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, இரண்டு வாரங்களுக்குள் பயன்படுத்திவிடுங்கள்.