கறுப்புத் துணியைப் போர்த்தும் முன்: ஜிஆர், எக்ஸ்100, ஆர்எக்ஸ்100

4x5 கேமராவை, அதாவது 4x5 அங்குல ஃபிலிம் ஷீட்டில் படமெடுக்கும் பெரிய பெட்டிக் கேமராவை, தூக்கிக்கொண்டு காசிமேட்டுக்குப் போகும்போது பையில் ஆறு ஃபிலிம் ஹோல்டர் இருக்கும். ஹோல்டருக்கு இரண்டு ஷீட், மொத்தம் 12 படம். ட்ரைபாடை விரித்து, லென்ஸ் மாட்டி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, கேமராவின் பின்பக்க மங்கல் கண்ணாடியில் (கிரவுண்ட் கிளாஸ்) தலைகீழாகத் தெரியும் படகை நேர்செய்து முடிக்கக் கால் மணி நேரம் ஓடிவிடும். அப்புறம்தான் தெரியும், அந்த இடத்தில் படமே இல்லை என்று. இப்படிச் சில காலைகளைத் தொலைத்த பிறகுதான் சட்டைப்பைக்கு ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா தேடினேன்.

அதற்கு வேலை இரண்டே. எங்கே நின்று எந்த லென்ஸைப் போடுவது என்று காட்ட வேண்டும். வெளிச்சத்தை அளந்து சொல்ல வேண்டும். அது எடுக்கும் படம் எவ்வளவு அழகு என்பதெல்லாம் பிறகு. இந்தக் கண்ணோடு பார்த்தால், வழக்கமான கேமரா விமர்சனங்கள் போடும் வரிசையே கிரவுண்ட் கிளாஸில் தெரிவது போலத் தலைகீழாகிவிடுகிறது.

கடைசியில் மூன்று நின்றன. ரிக்கோ ஜிஆர் 3எக்ஸ், 2021-ல் வந்தது, 262 கிராம். ஃபுஜிஃபிலிம் எக்ஸ்100 ஆறு, 2024, 521 கிராம். சோனி ஆர்எக்ஸ்100 ஏழு, 2019, 302 கிராம். அறிமுக விலை முறையே 999, 1,599, 1,200 டாலர்.

முதலில் லென்ஸ். 4x5-ல் என்னுடைய 150 மி.மீ. லென்ஸ் பார்க்கும் பரப்பு, 35 மி.மீ. ஃபிலிம் கேமராவின் லென்ஸ் கணக்கில் சுமார் 40 மி.மீ. ஜிஆர் 3எக்ஸின் லென்ஸும் அதே 40. திரையில் தெரிவது ஏறத்தாழ ஷீட்டில் விழப்போவதுதான். ஒரே குறை, ஜிஆரின் படச்சட்டம் (அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்) 3:2, என் ஷீட் 5:4. இரண்டு ஓரத்திலும் பன்னிரண்டில் ஒரு பங்கை மறைத்தால் கணக்கு சரியாகும். திரையின் மேல் கறுப்பு டேப்பில் இரண்டு மெல்லிய கீற்று ஒட்டிவிட்டேன். பார்க்க அசிங்கம்தான், வேலை நடக்கிறது. ஃபுஜியில் 5:4 சட்டமே உள்ளே இருக்கிறது, டேப் வேண்டாம். ஆனால் அதே கணக்கில் 35 ஆன அதன் லென்ஸ் என் லென்ஸை விடக் கொஞ்சம் அகலம். ஓரத்தில் வரும் கயிறும் ஐஸ் பெட்டியும் ஷீட்டில் வராது.

ஒன்றுக்கு மேல் லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு சோனியை மிஞ்ச ஆளில்லை. 24 முதல் 200 வரை ஜூம். சௌகார்பேட்டைச் சந்தில் பின்னால் நகர இடமில்லாதபோது 90 மி.மீ. போடலாமா என்று 24-25 பக்கம் வைத்துப் பார்க்கலாம். எண்ணூர் முகத்துவாரத்தில் நின்று அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகளுக்கு 300 வேண்டுமா என்று 80-க்குத் திருகிப் பார்க்கலாம். என்னிடம் இருப்பது ஒரே ஒரு 150. அதனால் இந்தச் சௌகரியத்துக்கு நான் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை.

வெளிச்சம் அளக்க மூன்றிலும் ஸ்பாட் மீட்டரிங் உண்டு, காட்சியில் ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கும் வசதி. நான் இல்ஃபோர்டு கம்பெனியின் எஃப்பி4 ஃபிலிம் போடுவதால் ஐஎஸ்ஓ 125 வைத்து, படகின் அடியில் இருக்கும் நிழலை அளந்து, நிழல் நிழலாகவே விழ இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதி) குறைத்துக்கொள்வேன். சிக்கல் எங்கே என்றால், நான் எடுப்பது எஃப்/32 என்ற மிகச் சின்ன லென்ஸ் துளையில் (எண் கூடக் கூடத் துளை சின்னது). ஜிஆரும் ஃபுஜியும் எஃப்/16-ல் நின்றுவிடும், சோனி எஃப்/11-ல். எஃப்/16-ல் இருந்து நேரத்தை நான்கால் பெருக்க வேண்டும், எஃப்/11-ல் இருந்து எட்டால். ஒரு பழைய வீட்டு நடையில் ஜிஆர் எஃப்/16-க்கு 1 விநாடி என்றது, எனக்கு 4. ஆனால் நீண்ட நேரத்தில் ஃபிலிம் மந்தமாகிவிடும் என்பதால், இல்ஃபோர்டு தரும் கணக்குப்படி 4 என்பது கிட்டத்தட்ட 6 ஆகிறது. மனக்கணக்கில் எட்டை விட நான்கு எனக்குப் பத்திரம்.

ஜிஆரில் வியூஃபைண்டர் கிடையாது. காலை ஒன்பது மணி வெயிலில் திரை கண்ணாடி மாதிரி என் முகத்தையே காட்டும். மற்ற இரண்டிலும் கண்ணை வைத்துப் பார்க்க வழி உண்டு. இதை எல்லாரும் பெரிய குறையாகச் சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, கறுப்புத் துணிதான் தோளிலேயே கிடக்கிறதே! தலையில் போட்டுக்கொண்டால் போதும்.

உப்புக்காற்று விஷயத்தில் ஃபுஜிக்குத்தான் மார்க். அடாப்டர் வளையமும் ஃபில்டரும் மாட்டினால் தூசி, சாரல் தாங்கும். மற்ற இரண்டும் லென்ஸ் வெளியே நீண்டு உள்ளே போகும் வகை. முன்பு வைத்திருந்த ஒரு பழைய காம்பேக்ட், மணல் புகுந்து பாதி நீட்டிய நிலையில் நின்றே போனது. அதிலிருந்து ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை இல்லாமல் கடற்கரைக்குப் போவதில்லை.

செல்போன் போதாதா என்றால், மீட்டர் ஆப் போட்டு ஓரளவு சமாளிக்கலாம். அவசரத்துக்கு நானும் செய்ததுண்டு.

ஒரு நாள் காசிமேட்டில் என் ட்ரைபாடைப் பார்த்ததும் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், “இன்னாபா, எடத்த அளக்க வந்தியா?” என்றார். இந்தப் பக்கத்தில் அது வெறும் விளையாட்டுக் கேள்வி இல்லை. ஜிஆரில் அவர் கையையும் வலையையும் எடுத்துத் திரையைக் காட்டினேன். “இத்தினி சோக்கா இருக்குதே, அப்புறம் எதுக்கு அந்தப் பொட்டி?” என்று கேட்டார். பதில் சொல்வதற்குள், பெட்டிக்கு முன்னால் எப்படி உட்கார வேண்டும் என்று அவரே கேட்டுவிட்டார்.

அன்றிலிருந்து ஜிஆர்தான் பையில். எப்போதாவது ஒரு 90 வாங்கினால் சோனியை மறுபடி பார்ப்பேன். 4x5-ஐ வீட்டில் விட்டுவிட்டு வெறும் கையோடு கிளம்பும் நாட்களும் உங்களுக்கு உண்டென்றால் ஃபுஜியை வாங்குங்கள், தனியாகவே படம் எடுக்கத் தெரிந்த கேமரா அது.