வேப்பை விட்டுவிட நான் போன இரண்டு குழுக்கள்

வேப்பை, அதாவது மின்சிகரெட்டை, வீட்டில் யாருக்கும் தெரியாமல் வருடக்கணக்கில் இழுக்க முடியும். நான் ஐந்து வருடம் இழுத்தேன். சிகரெட் என்றால் சட்டை நாற்றமே காட்டிக் கொடுத்துவிடும், பால்கனிக்குப் போயாக வேண்டும், சாம்பல் விழும். வேப்புக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு இரண்டு இழுப்பு. காரை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் நுழையும் முன் நான்கு இழுப்பு. மகளைத் தூங்கவைத்துவிட்டு அந்த இருட்டிலேயே ஒன்று. 2018இல் நான் சிகரெட்டை விட்டதற்காக என் மனைவி திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போனபோது அந்த நேர்த்திக்கடனையும் செலுத்தினாள். அன்று சந்நிதிக்கு வெளியே வரிசையில் நிற்கும்போது என் கால்சட்டைப் பையில் வேப் இருந்தது.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. "குழுவில் அப்படி என்னதான் கொடுக்கிறார்கள், மருந்தா, பயிற்சியா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எனக்கு அங்கே கிடைத்த முதல் உதவி, முன்பின் தெரியாத ஒன்பது பேர் முன்னால் இதை வாய்விட்டுச் சொன்னது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான் இருப்பது நியூ ஜெர்சி, எடிசன் பக்கம். இந்த மாநிலத்தில் 2020 ஏப்ரலிலிருந்து பழச்சுவை, மெந்தால் என்று சுவையூட்டிய வேப் எதையும் கடையில் விற்கக் கூடாது. மாம்பழச்சுவை கிடைக்காவிட்டால் தானாக விட்டுவிடுவேன் என்று நம்பினேன். புகையிலைச் சுவைக்கு மாறினேன், அவ்வளவுதான். தனியாக நான்கு முறை விட்டுப் பார்த்தேன். நீண்ட முறை பதினோரு நாள். ஒவ்வொரு முறையும் நான் விட்டதும் யாருக்கும் தெரியாது, மறுபடி தொடங்கியதும் யாருக்கும் தெரியாது.

குழு என்ற யோசனை வந்தது சித்தப்பாவால். பாளையங்கோட்டையில் நான் ஏழாவது படிக்கும்போது அவர் வாரம் இரண்டு நாள் சர்ச் பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் நடக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போவார். சைக்கிளில் கூட்டிப்போய் வெளியே வேப்பமரத்தடியில் காத்திருப்பது என் வேலை. "என் பெயர் இன்னார், நான் ஒரு குடிநோயாளி" என்று ஒவ்வொருவராகச் சொல்வது ஜன்னல் வழியாகக் கேட்கும். சித்தப்பா குடிப்பது தெருவுக்கே தெரிந்த விஷயம், இதில் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று அப்போது நினைத்தேன். அவர் இறக்கும்வரை இருபத்திரண்டு வருடம் குடிக்கவில்லை.

முதலில் சேர்ந்தது அமெரிக்கன் லங் அசோசியேஷனின் 'ஃப்ரீடம் ஃப்ரம் ஸ்மோக்கிங்' வகுப்பு. 1981இல் சிகரெட்காரர்களுக்காக ஆரம்பித்தது, இப்போது வேப்காரர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஏழு வாரத்தில் எட்டு அமர்வு. பயிற்சி பெற்ற ஒருவர் நடத்துவார். பல ஊர்களில் மருத்துவமனைகளும் சுகாதார மையங்களும் இடம் கொடுக்கின்றன. கட்டணம் இடத்துக்கு இடம் மாறும், எனக்கு இலவசம். மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் ஓர் அறை, வட்டமாகப் போட்ட நாற்காலிகள், திங்கட்கிழமை மாலை ஆறரை மணி.

போன முதல் நாளே விடச் சொல்ல மாட்டார்கள். இது எனக்கு ரொம்பப் பிடித்தது. முதல் மூன்று அமர்வும் கவனிப்பதற்குத்தான். ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் நேரம், எங்கே, என்ன மனநிலை, எவ்வளவு வேண்டியிருந்தது என்று எழுத வேண்டும். சிகரெட் பிடிப்பவர்களுக்கு இது சுலபம், ஒன்று முடிந்தால் ஒரு கோடு. வேப்பில் 'ஒன்று' என்பதே கிடையாது. தீராது, அணையாது, கையில் இருக்கும்வரை இழுத்துக்கொண்டே இருக்கலாம். நான் கேட்டபோது வகுப்பு நடத்திய அம்மா யோசித்துவிட்டு, "கையை வாய்க்குக் கொண்டுபோகும் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போடு" என்றார். புதன்கிழமை மட்டும் 187 கோடு. அதில் நாற்பதுக்கு மேல் அலுவலக வீடியோ கூட்டங்களில், கேமராவை அணைத்துவிட்டு இழுத்தவை. அந்தத் தாளை வட்டத்தில் சுற்றுக்கு விட்டோம். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு நாளுக்கு ஒன்றரை பாக்கெட் பிடிப்பவர். என் தாளை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு பஸ் ஓடும்போது நிறுத்தம் இருந்தது. உனக்கு நிறுத்தமே இல்லையே."

இரண்டாவது வாரம் மூச்சில் கார்பன் மோனாக்சைடு பார்க்கும் சின்னக் கருவி கொண்டுவந்தார்கள். ஊதினால் எண் காட்டும். பஸ் ஓட்டுநருக்கு 24. எனக்கு 2, புகைக்காதவர்களுக்கு வருவது போல. உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. அந்த அம்மா அதை உடனே கவனித்துவிட்டார். கார்பன் மோனாக்சைடு எரிவதால் வருவது, வேப்பில் எதுவும் எரிவதில்லை, அதனால் இந்தக் கருவிக்கு உன்னைத் தெரியாது என்றார். நிகோடின் உடம்புக்குள் போனதை எச்சிலிலோ சிறுநீரிலோ உள்ள கோட்டினின் என்ற பொருளை வைத்துக் கண்டுபிடிக்கலாம். வேப் திரவத்தில் இருக்கும் ஐந்து சதவீத நிகோடின் உப்பு தொண்டையில் உறுத்தாமல் இறங்குவதால் நாம் எவ்வளவு உள்ளே இழுக்கிறோம் என்று நமக்கே தெரிவதில்லை என்பதையும் விளக்கினார். ஆனால் இந்தக் கருவியால் எனக்கு ஒரு நஷ்டமும் இருந்தது. வாராவாரம் அவருக்கு எண் இறங்கும், கைதட்டுவோம். எனக்கு முதல் நாளும் 2, கடைசி நாளும் 2. வேப்காரர்களைச் சேர்க்கும் எந்தக் குழுவும் அவர்கள் கண்ணால் பார்க்கக்கூடிய இன்னொரு அளவைக் கொடுக்க வேண்டும். நானாக அந்தக் கோடுகளை எண்ணிச் சுவரில் ஒட்டிக்கொண்டேன்.

நான்காவது அமர்வுதான் விடும் நாள். எல்லோரும் ஒரே நாளில் விடுகிறோம். நான் வேப்பையும் சார்ஜரையும் ஒரு கவரில் போட்டு மேசையில் வைத்தேன். லித்தியம் பேட்டரி இருப்பதால் குப்பையில் போடக் கூடாது என்று அதற்கென்று ஒரு டப்பா வைத்திருந்தார்கள். அடுத்த அமர்வுக்கு ஏழு நாள் காத்திருக்க வேண்டாம், இரண்டே நாளில் மறுபடி கூடுகிறோம். நிகோடின் இல்லாத உடம்பின் தவிப்பு முதல் இரண்டு மூன்று நாளில்தான் உச்சத்தில் இருக்கும், சரியாக அந்த நேரத்தில் கூப்பிடுகிறார்கள். இந்தத் திட்டத்தை வகுத்தவர்களை இதற்காகவே பாராட்டுவேன். அந்தப் புதன்கிழமை நான் தலைவலியோடும் எரிச்சலோடும், வழியில் ஒரு பெட்ரோல் பங்கு வாசலில் காரை நிறுத்தி, உள்ளே போகாமல் திரும்பி, எப்படியோ வந்து சேர்ந்தேன். அறையில் எல்லோருடைய முகமும் என் முகம்போலவே இருந்தது. கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி, வகுப்பில் எங்கள் இருவருக்கு மட்டும்தான் வேப், "நான் நேற்று ராத்திரி தலையணைக்கு அடியில் தேடினேன், இல்லை என்று தெரிந்தும் தேடினேன்" என்று அழுதாள். எனக்கும் அதேதான் நடந்தது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்லியிருப்பேன்?

டாக்டர் எழுதிக்கொடுத்த 21 மில்லிகிராம் நிகோடின் பேட்ச், தோல் வழியாக நிகோடின் கொடுக்கும் பட்டை, கையில் ஒட்டியிருந்தது, அதுவும் உதவியது. குழுவுக்குப் போனால் பேட்ச், கம் வேண்டாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன. 2025இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 16 முதல் 25 வயதுள்ள 261 வேப்காரர்களில், நிகோடின் ஏக்கத்தைக் குறைக்கும் வேரெனிக்லின் மாத்திரையோடு வாராந்தர ஆலோசனையும் பெற்றவர்களில் பன்னிரண்டாவது வாரத்தில் 51 சதவீதம் பேர் விட்டிருந்தார்கள். மருந்தில்லாத போலி மாத்திரையோடு அதே ஆலோசனை பெற்றவர்களில் 14 சதவீதம். பேச்சே போதும் என்று சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் அது உண்மையாகாது. அதேபோல, 2017இல், மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு சிகரெட்காரர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. கையேட்டை வைத்துத் தானே முயன்றவர்களைவிடக் குழுவில் சேர்ந்தவர்கள் விடும் வாய்ப்பு கிட்டத்தட்ட இரு மடங்கு. ஒரு ஆலோசகரிடம் தனியாகப் பேசுவதைவிடக் குழு மேல் என்று சொல்ல அதில் போதிய ஆதாரம் இல்லை. ஆகவே கூட்டத்தில் பேசவே முடியாது என்பவர்கள் 1-800-784-8669 என்ற இலவச எண்ணில் ஓர் ஆலோசகரோடு பேசலாம்.

குறைகள் என்றால், நான் போன மருத்துவமனையைப் பற்றித்தான், திட்டத்தைப் பற்றி அல்ல. பார்க்கிங்குக்கு ஒவ்வொரு முறையும் ஒன்பது டாலர். ஆறாவது அமர்வுக்கு வழக்கமானவர் வராமல், பதிலுக்கு வந்தவர் ஸ்லைடுகளை வரி வரியாகப் படித்துவிட்டு இருபது நிமிடம் முன்னாலேயே முடித்துவிட்டார். யாருக்கும் பேச வாய்ப்பில்லை. அன்று இரவுதான் அந்தக் கல்லூரிப் பெண் மறுபடி ஒன்று வாங்கினாள். அடுத்த வாரம் வந்து அவளே சொன்னாள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பஸ் ஓட்டுநர், "திரும்பி வந்தாயே, அது போதும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஏழு வாரம் முடிந்தால் வகுப்பும் முடிந்துவிடும். எனக்கு அது பயமாக இருந்தது. அப்புறம்தான் நிகோடின் அனானிமஸ். 1980களில் கலிஃபோர்னியாவில், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் பன்னிரண்டு படிகளை எடுத்துக்கொண்டு தொடங்கியது. சிகரெட், வேப், மூக்குப்பொடி, மெல்லும் புகையிலை எதுவானாலும் சரி, நிகோடினை விட்டுவிட விருப்பம் இருந்தால் போதும், பதிவு கிடையாது, கட்டணம் கிடையாது. போனிலும் வீடியோவிலும் கூட்டங்கள் நடப்பதால் நான் காரில் உட்கார்ந்தபடியே சேருவேன். எந்தக் காரில் ஒளிந்து இழுத்தேனோ அதே காரில்.

வகுப்புக்கும் இதற்கும் வித்தியாசம் பெரிது. இங்கே ஆசிரியர் இல்லை, கருவி இல்லை, விடும் நாள் என்று ஒன்றில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கிடுவதோ அறிவுரை சொல்வதோ கூடாது. பேசி முடித்ததும் நன்றி, அடுத்தவர். நம் ஊரில் நாலு பேர் கூடினால் நாலு யோசனை வந்துவிடும். அதில் வளர்ந்த எனக்கு முதல் சில வாரம் இது வெறுமையாகப்பட்டது. பிறகு, யாரும் எனக்குப் பதில் சொல்லப் போவதில்லை என்பதாலேயே பொய் சொல்லும் அவசியம் குறைந்தது. பன்னிரண்டு படிகளில் இறைவன் என்ற சொல் வரும், அவரவர் புரிந்துகொண்டபடி என்ற விளக்கத்தோடு. கடவுள் நம்பிக்கை இல்லாத நண்பர் ஒருவர் இதனாலேயே ஒரு கூட்டத்தோடு நின்றுவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். கூட்டத்துக்குக் கூட்டம் தன்மை மாறும், நாலைந்து கேட்டுப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். தமிழில் நடக்கும் கூட்டம் நான் தேடியவரை கிடைக்கவில்லை. அம்மாவிடம் மறைத்ததை ஆங்கிலத்தில் சொல்லும்போது கொஞ்சம் தூரமாகத்தான் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு வேறு வழி வேண்டும். பதினேழு வயது அக்கா மகன் என்னைப் போல நடுத்தர வயதுக்காரர்களின் கூட்டத்தில் உட்கார மாட்டான். ட்ரூத் இனிஷியேட்டிவ் என்ற புகையிலை எதிர்ப்பு அமைப்பு 2019இல் தொடங்கிய குறுஞ்செய்திச் சேவையை அவனுக்குக் காட்டினேன். அவன் சேர்ந்தபோது 88709க்கு 'டிச்வேப்' (DITCHVAPE) என்று ஆங்கிலத்தில் அனுப்பினால் போதுமாக இருந்தது. முகம் தெரியாமல், அதே வயதில் விட முயன்ற மற்ற பிள்ளைகளின் வார்த்தைகளும் சேர்ந்தே தினமும் செய்தி வரும். 13 முதல் 17 வயதுள்ள சுமார் 1,500 பேரிடம் சோதித்ததில், ஏழு மாதம் கழித்து இதைப் பெற்றவர்களில் 37.8 சதவீதமும் பெறாதவர்களில் 28 சதவீதமும் வேப் இல்லாமல் இருந்தார்கள். அவன் இரண்டு முறை நிறுத்தி மூன்றாவது முறையாகச் சேர்ந்திருக்கிறான். அக்காவுக்குத் தெரியும், அவனே சொன்னான்.

மனைவியிடம் நான் சொன்னது ஐந்தாவது அமர்வு முடிந்த இரவு. வீட்டில் ஒருவரிடம் சொல்லி உதவி கேளுங்கள் என்பது அன்றைய வீட்டுப்பாடம். பஸ் ஓட்டுநர் வாசல்வரை வந்து, "இன்றைக்கே சொல்லிவிடு, நாளைக்கு உனக்குத் தைரியம் இருக்காது" என்று தோளைத் தட்டினார். அவள் கோபப்படவில்லை. நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ திருச்செந்தூர்ல?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் என் பேட்ச் டப்பாவைக் காபிப் பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் எடுத்து வைத்திருந்தாள்.

இப்போது பதினான்கு மாதம். மதிப்பெண் கொடுத்தால் வகுப்புக்கு ஐந்துக்கு நான்கு, போன் கூட்டத்துக்கும் நான்கு, வேறு வேறு காரணங்களுக்காக. கூட்டத்தில் விரும்புகிறவர்கள் தங்கள் எண்ணைப் பட்டியலில் கொடுக்கலாம், தவிப்பு வந்தால் யாரும் கூப்பிடலாம். நான் கொடுத்திருக்கிறேன். போன வியாழன் இரவு பதினொன்றே முக்காலுக்கு, ஓஹையோவிலிருந்து ஒருவர், குரலைத் தாழ்த்திப் பேசினார். பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம். குளியலறையில் இருக்கிறீர்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார். குழாயை மூடிவிட்டுப் பேசுங்கள் என்றேன். ஆறு நிமிடம் பேசினோம்.