இடுப்பில் கட்டுவதா, சட்டத்தில் சுற்றுவதா?

பட்டி நெய்கிற அட்டை நெசவுக்குப் பெரிய தறி வேண்டாம். நான்கு மூலையிலும் துளையிட்ட சதுர அட்டைகள், துளைக்கு ஒரு நூல். அட்டைகளைக் கால் சுற்றுத் திருப்பினால் பாவு, அதாவது நீளவாக்கு நூல்கள், மேலும் கீழுமாகப் பிரியும்; இடையே ஊடையை, அதாவது குறுக்கு நூலை, விட்டு அடிமட்டத்தால் ஒரு தட்டு. 12 அட்டைக்கு 48 நூல், ஒரு பைக்குக் கைப்பிடியாகும் அகலம். விளையாடுகிற காட்ஸ் கூட்டத்தை வெட்டினாலே அட்டை ரெடி. நூல் மட்டும் வழுவழுப்பான பருத்தியாக இருக்கட்டும், கம்பளி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கும்.

சொல்லித்தர ஆளில்லாமல் கல்முனையில் வீட்டிலிருந்தே தொடங்கிய எனக்குச் சிக்கல் வேறு: பாவை எதில் கட்டுவது?

முதலில் இடுப்பில்தான். ஒரு முனை யன்னல் கம்பியில், மறுமுனை என் இடுப்பில். சாய்ந்தால் பாவு விறைக்கும், முன்னே வந்தால் தளரும். செலவு இல்லை, ஆனால் எழும்ப முடியாது. கடப்படியில் மீன்காரர் ஹோர்ன் அடிக்க, மறந்துபோய் எழும்பினேன். அட்டைகள் தாறுமாறாகப் புரண்டன, ஒரு பின்னேரம் முழுக்க வரிசை பார்த்தே போனது. இப்போது எழும்புமுன் அட்டைகளைச் சேர்த்துக் கட்டிவிடுவேன். நோர்வேயில் 834ஆம் ஆண்டளவில் புதைக்கப்பட்ட ஒசெபர்க் கப்பலில் 52 அட்டைகள் நூல் கோத்தபடியே கிடைத்தன, பட்டி பாதியில். அங்கேயும் யாரோ கூப்பிட்டிருப்பார்கள் போல.

அப்புறம் ஓடாவி ஒருவரிடம் சொல்லி முளை வைத்த மரச்சட்டம் செய்வித்தேன். பாவை முளைகளைச் சுற்றி ஒரே வளையமாக ஓட்டுவது. அப்படியே வைத்துவிட்டுச் சமைக்கப் போகலாம், இழுவையும் மாறாது. இரண்டு பட்டியையும் மருதமுனையில் தறி நெய்கிற பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். இடுப்புப் பட்டியின் ஓரத்தை நகத்தால் வருடி, "இழுவை ஒரு சீரா இல்ல புள்ள, ஓரம் பாம்பு மாதிரிப் போகுது" என்றார். சட்டத்தில் நெய்ததைப் பார்த்துத் தலையாட்டினார்.

ஆனாலும் புதிதாகத் தொடங்குகிறவருக்கு இடுப்பைத்தான் சொல்வேன். காரணம் முறுக்கு. அட்டைகளை ஒரே பக்கம் திருப்பத் திருப்ப, அவற்றுக்குப் பின்னால் நூல்கள் முறுகிச் சேரும். இடுப்பு முறையில் யன்னல் முடிச்சை அவிழ்த்து, விரலால் கோதி, திரும்பக் கட்டினால் போதும். வளையப் பாவில் முறுக்கு வெளியேற வழியில்லை. எதிர்ப்பக்கம் திருப்பியே தீரவேண்டும், திருப்பிய இடத்தில் கோலமும் சாய்வு மாறும். நான்கு முன்னே, நான்கு பின்னே என்று திட்டமிட்ட கோலத்துக்கு அது குறையில்லை. கணக்குப் பிடிபடாதவருக்குத் தலைவலி.

நான் செய்த மடத்தனம் ஒன்று இரண்டு முறைக்கும் பொது: எல்லா அட்டையிலும் ஒரே பக்கமிருந்து நூலைக் கோத்தேன். அவிழ்த்ததும் பட்டி திருகாணிபோலச் சுருண்டது. ஒன்றில் முன்னிருந்து, அடுத்ததில் பின்னிருந்து கோத்தால் தட்டையாகக் கிடக்கும். சுருண்டது இப்போது திறப்புக் கோர்வையில் தொங்குகிறது.