சிப்பித் தட்டுக்கு எது: முஸ்காதேயா, பிக்பூலா?

உடைத்த பனிக்கட்டி மேல் சமைக்காத சிப்பி, ஓரத்தில் எலுமிச்சைத் துண்டு. பிரான்ஸில் இந்தத் தட்டோடு வரும் வெள்ளை ஒயின் கரைக்குக் கரை மாறும். அட்லாண்டிக் பக்கம், லுவார் ஆறு கடலைச் சேரும் நான்த் நகரச் சுற்றுவட்டாரத்தில் அது முஸ்காதே. தெற்கே மத்தியதரைக் கடலோரம், தோ உப்பங்கழியை ஒட்டிய ஊர்களில் பிக்பூல் த பினே. இரண்டும் விலை குறைந்தவை, இனிப்பில்லாதவை, புளிப்பு தூக்கலானவை. அதனால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். முஸ்காதேவுக்கும் மணம் வீசும் மஸ்கட் திராட்சைக்கும் உறவில்லை. இதன் திராட்சை மெலோன் த பூர்கோன். 1709-இன் கொடும் பனியில் அந்த வட்டாரக் கொடிகள் கருகிப்போக, குளிர் தாங்கும் இந்த ரகம் பரவலாக நிலைகொண்டது. தன்னளவில் பெரிய மணமோ பழச்சுவையோ இல்லாத திராட்சை இது. இதைத் தூக்கி நிறுத்துவது வண்டல்தான். நொதித்து முடிந்த ஈஸ்ட் தொட்டியின் அடியில் படிந்திருக்க, குளிர்காலம் முழுவதும் ஒயினை அதன் மேலேயே விட்டுவைத்து, வேறு தொட்டிக்கு மாற்றாமல் நேராகப் புட்டியில் அடைக்கிறார்கள். லேபிளில் ‘சூர் லீ’ என்றிருந்தால் இந்த முறைதான். ரொட்டி மாவின் சாயல், நாக்கில் லேசான குறுகுறுப்பு, முடிவில் உப்புக்கரிப்பு போன்ற ஒரு சுவை. சிப்பியின் கடல்நீரோடு இது மோதுவதில்லை, கலந்துவிடுகிறது. எலுமிச்சை பிழிய வேண்டாம். அந்த வேலையை ஒயினே பார்த்துக்கொள்ளும்.

பிக்பூல் வெயிலில் விளைவது. உதட்டைக் கொட்டுவது என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். தாமதமாகப் பழுக்கும் ரகம் என்பதால் தெற்கத்தி வெப்பத்திலும் புளிப்பை விடுவதில்லை. ஆனால் முஸ்காதேயைவிடச் சதைப்பற்று கூடுதல். எலுமிச்சை, பச்சை ஆப்பிள் வாசம் முன்னால் நிற்கும். 2013-இல்தான் தனி அப்பெல்லாசியோன், அதாவது விளையும் இடத்தின் பெயருக்கான சட்ட அங்கீகாரம், கிடைத்தது. எதிரே கழியில் வளரும் பூசிக் சிப்பிக்கு இதைத்தான் ஊற்றுவார்கள், நன்றாகவே இருக்கும். ஆனாலும் வெறும் சிப்பியோடு பழவாசம் ஒரு படி முந்திக்கொள்கிறது என்பது என் எண்ணம்.

பிக்பூலின் உண்மையான இடம் அடுப்பு பற்றிய பிறகுதான். சேத் துறைமுகத்தின் தியெல் இருக்கிறதே, ஆக்டோபஸும் காரத் தக்காளிச் சாறும் அடைத்துச் சுட்ட வட்டப் பணியாரம், அதோடு முஸ்காதே குடித்தால் தண்ணீர் போலத் தோற்றுப்போகும். பிக்பூல் தக்காளியின் புளிப்புக்கு ஈடுகொடுக்கும். திராட்சைக் கொடி விறகில் மட்டியைச் சுட்டு, எண்ணெயும் மூலிகையும் தெளிக்கும் பிராசுகாதுக்கும், பூண்டு தூக்கலான மீன் குழம்புக்கும் இதுவே.

வெண்ணெய் வந்தால் திரும்பவும் நான்த் பக்கம். சின்ன வெங்காயத்தைப் புளிக்காடியில் வற்றவிட்டு வெண்ணெய் அடித்துச் சேர்க்கும் பெர் பிளான் சாறு அந்த ஊர்ச் சொத்து. ஆற்று மீன் மேல் அதை ஊற்றும்போது சாதாரண முஸ்காதே போதாது. கிளிசோன், கோர்ஜ் போன்ற ஊர்ப்பெயர் தாங்கியதை வாங்குங்கள். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வண்டல் மேல் கிடந்து திடம் ஏறியிருக்கும்.

பிரான்ஸின் இன்னொரு வெள்ளை ஒயினான ஷாப்லி? அது விளையும் மண்ணில் சிப்பிப் புதைபடிவங்கள் இருப்பதால் சிப்பிக்குப் பொருத்தம் என்பார்கள். ஓட்டின் சுவை கொடி வழியாக ஏறுவதில்லை. பொருத்தத்துக்குக் காரணம் குளிர்ப் பிரதேசத்துப் புளிப்பு. நல்ல ஒயின்தான், விலை அதிகம். அந்தக் காசுக்கு இன்னொரு டஜன் சிப்பி வாங்கி, முஸ்காதேயை 9 டிகிரி அளவில் குளிரவைப்பேன்.