நீல நிறத்தில் ‘பாசிட்டிவ்’ என்று இருந்ததை நம்பினேன்

போன மாதம் கம்ப்யூட்டர் கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் 349 ரூபாய் கொடுத்து ஒரு ஹாரர் பஸில் கேம் வாங்கினேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே அச்சில் வார்த்தவை அங்கே நிறைய உண்டு, ஒன்றை மட்டும் திட்டி என்ன ஆகப்போகிறது.

சின்ன பட்ஜெட் என்றால் முகம் சுளிப்பவன் இல்லை நான். 2010-ல் அம்னீசியா என்ற ஹாரர் கேமைச் செய்த ஸ்வீடன்காரர்களும் ஒரு கைப்பிடி ஆட்கள்தான். அதில் தண்ணீருக்குள் வரும், கண்ணுக்கே தெரியாத அந்த ஜந்துவை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும்.

இந்த கேமும் முதல் ஒன்றரை மணி நேரம் நன்றாகவே போனது. பாழடைந்த பங்களா, கையில் ஒரு டார்ச். குடும்பப் போட்டோவில் பிள்ளைகள் நிற்கிற வரிசையைப் பார்த்து பியானோ கட்டைகளை அமுக்க வேண்டும். நல்ல புதிர், யோசித்துச் செய்திருந்தார்கள். அப்புறம் பாதாள அறை. அங்கே ஒரு மேஜை இழுப்பறையைத் திறந்தால் சாவி இருக்கும். திறந்தேன். சாவி மேஜையைத் துளைத்து, தரையையும் துளைத்துக் கீழே போய்விட்டது. ‘டிங்’ என்று சத்தம் மட்டும் கேட்டது. அந்த நொடியிலேயே ஆட்டோசேவ் வேறு, கேம் தானாகவே அந்த நிலையைப் பதிந்துகொண்டது. நாமாக சேவ் செய்ய வழியே இல்லை. ஏதோ தந்திரம் இருக்கும் என்று நாற்பது நிமிடம் அந்த அறையையே தடவிக்கொண்டிருந்தேன். நடுவில் கேமை பாஸில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். அந்த நேரமும் கணக்கில் சேரும் என்று அப்போது உறைக்கவில்லை.

ஸ்டீமில் பணம் திரும்ப வேண்டுமென்றால் வாங்கி 14 நாளுக்குள் கேட்க வேண்டும், விளையாடிய நேரமும் 2 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். எனக்கு 2 மணி 40 நிமிடம் ஆகியிருந்தது. கேட்டுப் பார்த்தேன், முடியாது என்று மெயில் வந்தது.

பிறகுதான் விமர்சனங்களை ஒழுங்காகப் படித்தேன். மொத்தம் 31, அதில் 26 பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். ஐம்பதுக்குக் குறைவான விமர்சனம் இருந்தாலும், எண்பது சதவீதத்தைத் தாண்டினால் கேமின் பக்கத்தில் நீல நிறத்தில் ‘பாசிட்டிவ்’ என்று வந்துவிடும். சரி, இலவசமாக வாங்கியவர்கள் எழுதியதோ என்றால் அதுவும் இல்லை. வெளியிலிருந்து கிடைத்த கீ, அதாவது கேமைத் திறக்கும் குறியீடு வைத்து விளையாடியவர்களின் ஓட்டை 2016 முதலே ஸ்டீம் மதிப்பீட்டில் சேர்ப்பதில்லை. எல்லோரும் காசு கொடுத்தவர்கள்தான். ஆனால் பெயருக்குப் பக்கத்தில் விளையாடிய நேரத்தைப் பார்த்தால் இருபது நிமிடம், அரை மணி. ஒருவர் “பூனை அழகு” என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். கட்டைவிரலை உயர்த்தியவர்களில் பாதாள அறை வரைக்கும் அனேகமாக யாரும் வந்ததாகவே தெரியவில்லை.

விமர்சனப் பகுதியில் விளையாடிய நேரத்தை வைத்து வடிகட்டும் வசதி இருக்கிறது. 2 மணி நேரத்துக்கு மேல் என்று வைத்தேன். ஆறு விமர்சனங்கள் மிஞ்சின. ஐந்தில் கட்டைவிரல் கீழே. நான்கு பேர் அதே சாவியைத் திட்டியிருந்தார்கள், ஒருவர் ஏழு மாதத்துக்கு முன்பே. “அடுத்த அப்டேட்டில் சரியாகிவிடும்” என்று கேமைச் செய்தவர்களிடமிருந்து அவருக்குப் பதிலும் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு அப்டேட்டும் வரவில்லை.

வாங்கும் முன் அந்த வடிகட்டியை ஒரு முறை நகர்த்திப் பார்த்துவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் கேமை மூடிவிட்டு யோசியுங்கள்.

நானும் நடந்ததை விலாவாரியாக விமர்சனமாக எழுதிப் போட்டேன். இதுவரை அதற்கு விழுந்தது மூன்று ‘ஃபன்னி’ ஓட்டு.